மயுகே சாலையில் ஒரு மே மாதம்

உகாண்டாவுக்குக் குறுகிய கால ஊழியத்துக்கு ஒரு குழு போகிறது என்று சபையில் அறிவித்த ஞாயிறு அது. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். சபையின் மூத்தவர் ஒருவர் வெற்றிலையை மடித்தபடியே குழுத் தலைவரிடம் கேட்டார்: "அங்க கிறிஸ்தவங்க எவ்வளவு பேருடே?"

"நூத்துக்கு எண்பதுக்கு மேல அண்ணாச்சி."

"நம்ம தமிழ்நாட்டுல?"

"ஆறு."

"அப்ப அவங்கல்லா இங்க வரணும்!" என்று சொல்லிவிட்டு அவர் தம் சைக்கிளைப் பார்த்து நடந்துவிட்டார்.

கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, கணக்குச் சரிதான். 2014ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உகாண்டாவில் கத்தோலிக்கர் 39 சதவீதம், ஆங்கிலிக்கன் சபையார் 32, பெந்தெகொஸ்தே சபையார் 11, முஸ்லிம்கள் 14 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அப்படிப்பட்ட நாட்டுப் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய் தாவீது கோலியாத் கதை சொல்ல என்ன அவசியம்? எங்கள் குழுவில் பலரிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. புசோகா பகுதியின் ஒரு கிராமச் சபையிலிருந்து அழைப்பு வந்திருந்தது, போனோம்.

இரண்டு சபைகளுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1820இல் மிஷனரி ரேனியசைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கம்தான் 1877இல் விக்டோரியா ஏரியைக் கடந்து புகாண்டா அரசரின் அவைக்கு ஆள் அனுப்பியது. பொறியாளரான அலெக்சாண்டர் மக்கே அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்தார். ஒரே தகப்பன் வீட்டிலிருந்து வெவ்வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் மாதிரி இரண்டு சபைகளும் ஒருவரையொருவர் பார்க்காமலே நூற்றைம்பது ஆண்டு கழித்துவிட்டன.

நாங்கள் 'கோடை ஊழியம்' என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். அங்கே மே மாதம் மழைக்காலம். மார்ச்சில் பிடிக்கும் பெருமழை மே வரை நீள்கிறது. நிலநடுக்கோடு கம்பாலாவுக்குத் தெற்கே மசாகா சாலையை வெட்டிக்கொண்டு போகிறது. அந்த நாட்டில் கோடை, குளிர் என்ற பிரிவெல்லாம் கிடையாது. மழை உண்டு, மழையின்மை உண்டு, அவ்வளவுதான். ஆனாலும் காலம் பொருந்தித்தான் இருந்தது. அங்கே பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. முதல் பருவம் மே தொடக்கத்தில் முடிந்து, இரண்டாம் பருவம் மாதக் கடைசியில் திறக்கிறது. நடுவே கிடைக்கும் சில வாரங்களில்தான் நம் ஊரிலும் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி, இணையத்தில் விசா, மலேரியா மாத்திரை என்று சம்பிரதாயங்கள் முடிந்தன. மஞ்சள் அட்டையை எண்டெபேயில் இறங்கும்போதும் பார்க்கிறார்கள், இந்தியா திரும்பும்போதும் பார்க்கிறார்கள். தொலைத்தால் திரும்பி வந்த பிறகு நாள்கணக்கில் தனிமையில் இருக்க வேண்டியதுதான்.

எண்டெபேயில் விமானம் இறங்கும்போது ஓடுதளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏரி மட்டுமே தெரிகிறது. கம்பாலாவின் விளக்குக் கம்பங்கள் மேல் மராபு நாரைகள் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டு குப்பைத் தொட்டிகளைக் கண்காணிக்கின்றன. அங்கிருந்து கிழக்கே ஜிஞ்சாவுக்கு 80 கிலோமீட்டர். மபிரா காட்டை ஒட்டிய சந்தைகளில் வண்டி நின்றதும், குச்சியில் செருகிச் சுட்ட கோழியையும், கரியில் வாட்டிய கோஞ்சா வாழைப்பழத்தையும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு இருபது கைகள் வருகின்றன. கோஞ்சாவை ருசித்த பிறகு எங்கள் குழுவில் யாரும் நேந்திரம் பழத்தின் பெருமையைப் பேசவில்லை.

ஜிஞ்சா, நைல் நதி விக்டோரியா ஏரியை விட்டுப் புறப்படும் இடம். 2018இல் திறந்த கம்பிவடப் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறோம். ஆற்றங்கரையில் காந்தியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 1948இல் அவருடைய அஸ்தியின் ஒரு பகுதியை இங்கே கரைத்தார்கள். சிலையை 1997இல் ஐ.கே. குஜ்ரால் திறந்துவைத்தார். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். ஊரின் பெரிய தெருவில் பழைய கடைகளின் நெற்றியில் இந்தியப் பெயர்களும் கட்டிய ஆண்டுகளும் சிமென்டில் புடைத்து நிற்கின்றன. 1972இல் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு விதித்து வெளியேற்றியபோது இந்தக் கடைகளின் கதவுகள் ஒரே மழைக்காலத்துக்குள் கைமாறின.

அதே தெருவில் இப்போது காப்பிக்கடைகள். மேசை மேசையாக வெள்ளைக்கார இளைஞர்கள், ஒரே மாதிரிச் சட்டை, முதுகில் சபையின் பெயரும் ஆண்டும். நாங்களும் அப்படி ஒரு சட்டை அடித்துப் போட்டுக்கொண்டுதான் இறங்கியிருந்தோம். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள், ஒரே தொழில்காரர்கள் என்ற உரிமையில்.

ஜிஞ்சாவைச் சுற்றி வெளிநாட்டவர் தொடங்கிய பிள்ளைகள் இல்லங்கள் நிறைய. 'அனாதை இல்லம்' என்ற பலகையைக் கண்டால் கிறிஸ்தவ மனம் இளகிவிடும், பணப்பையும் சேர்ந்து இளகும். ஆனால் 2009இல் சேவ் த சில்ட்ரன் வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுவதும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள் என்கிறது. பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடவைப்பது பெரும்பாலும் வறுமைதான். இதே ஜிஞ்சாவில் மருத்துவப் படிப்பே இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கென்று மையம் ஒன்றை நடத்தினார். குழந்தைகளை இழந்த இரண்டு தாய்மார் 2019இல் அவர்மேல் வழக்குப் போட்டு நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே வழக்கு சமரசமாக முடிந்தது. அன்புக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று நம் பக்கத்துப் பிரசங்கங்களில் அடிக்கடி காதில் விழும். குழந்தைக்கு ஊசி போட வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால் லைசென்ஸ் வேண்டும்தானே.

எங்களை அழைத்த சபை இதிலெல்லாம் கவனமாக இருந்தது. முதல் நாள் பாஸ்டர் எங்களை நேராக எல்சி ஒன்று சேர்மனிடம் அழைத்துப் போனார். நம் ஊர் வார்டு உறுப்பினர் மாதிரியான பதவி. வந்திருப்பவர்கள் யார், எங்கே தங்குகிறார்கள், பிள்ளைகளோடு என்ன செய்யப்போகிறார்கள் என்று அவர் ஒரு பழைய நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒரு பனையோலைக் கூடையை நீட்டினார். வகுப்பு நடக்கும் நேரத்தில் எங்கள் கைப்பேசிகள் அதற்குள் இருக்க வேண்டும். பிள்ளைகள் முகம் தெரியப் படம் எடுத்துப் போடக் கூடாது. குழுவில் இளையவர்களுக்கு முகம் வாடியது. ஊருக்கு அனுப்ப வேண்டிய ஜெபக் குறிப்புப் படங்கள் அல்லவா போச்சு!

கிராமம் ஜிஞ்சாவிலிருந்து மயுகே போகும் பக்கம். சாலை சிவப்பு முர்ரம் மண். மழை பெய்தால் சோப்பு, காய்ந்தால் மாவு. இரண்டு பக்கமும் கரும்பு. 1930இல் மத்வானி குடும்பம் ககிராவில் தொடங்கிய சர்க்கரை ஆலையின் நிழல் இந்த வட்டாரம் முழுக்க விழுகிறது. முன்பு மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சோளம், வாழை என்று வீட்டுக்கு வேண்டியதைப் பயிரிட்ட சிறு நிலங்கள் இப்போது கரும்புக்குப் போய்விட்டன. கரும்பு வெட்டுக்கு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகலாம். கைக்கு வரும் காசு கடனுக்குப் போக, நடுவில் உலையில் போட ஒன்றும் இருப்பதில்லை. பச்சைப்பசேலென்ற வயலுக்கு நடுவில் எப்படிப் பட்டினி என்று குழுவில் ஒரு தம்பி கேட்டான். அவன் சொந்த ஊரில் வாழை போட்ட வயலைச் சுற்றியும் ரேஷன் அரிசிதான் வேகிறது என்பதை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதிருக்கும். வாரநாளில் ஒரு தொடக்கப்பள்ளியில் சம்பளமில்லாத உதவி ஆசிரியை, மாலையில் தக்காளி விற்பனை, ஞாயிறு பள்ளிக்கு அவர்தான் எல்லாமும். பிள்ளைகளுக்கு அவர் 'ஆன்ட்டி'. நாங்கள் பெரிய சுவர்ப் படங்கள், பொம்மைகள், கிட்டார், ஆங்கிலத்தில் மாற்றிய செய்கைப் பாட்டுகள் எல்லாம் கொண்டுபோயிருந்தோம். முதல் நாள் குழுவின் பாடகர் கிட்டாரை மீட்டி ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் மரியாதையாகக் கற்றுக்கொண்டார்கள். முடிந்ததும் ஆன்ட்டி, "இப்போது நாம் அவர்களுக்கு ஒன்று பாடலாமா?" என்றார். ஒரு பையன் மேளத்தில் கை வைத்தான். நாலு குரலாகப் பிரிந்து, பாட்டுக்கு நடுவே பாட்டு புகுந்து, தோளும் இடுப்பும் காலும் தனித்தனியே தாளம் போட்டு எழுந்த அந்தச் சத்தத்துக்குப் பிறகு கிட்டார் உறைக்குள் போனது. போனதுதான், விடைபெறும் நாள்வரை வெளியே வரவில்லை.

கதை சொல்வதிலும் இதே நிலைதான். எங்கள் தம்பி நல்ல சமாரியன் கதையை ஆங்கிலத்தில் சொன்னான். ஆன்ட்டி அந்தப் பகுதி மொழியான லுசோகாவில் பெயர்த்தார். அவன் ஒரு வாக்கியம் சொன்னால் இவர் ஏழு வாக்கியம் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நடுவில் ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியானார்கள். சமாரியனில் சிரிக்க என்ன இருக்கிறது? பிறகு கேட்டால், அந்த வழிப்போக்கன் ஜிஞ்சாவிலிருந்து இகாங்காவுக்குப் போனவனாம். கழுதைக்குப் பதிலாக போடா போடா, அதாவது வாடகை மோட்டார் சைக்கிள். அடிபட்டவனைத் தூக்கிப் போகும்போது பெட்ரோல் தீர்ந்துபோகிறது. சத்திரக்காரன் முன்பணம் கேட்கிறான். பாதையில் கண்டும் காணாமல் போன ஆசாரியன் அந்த ஊர்ப் பாஸ்டரைப் போல இருமுகிறான். தம்பி மறுநாளிலிருந்து தன் பங்கை மூன்று வாக்கியத்துக்குள் முடித்துக்கொண்டான். அறிவுள்ள பிள்ளை.

வகுப்பு எட்டு மணிக்கு. பிள்ளைகள் ஏழுக்கே வந்துவிடுவார்கள், கஞ்சி பத்து மணிக்கு என்பது தெரிந்தும். இரண்டு, மூன்று நாளில் தலைகள் இருநூறைத் தாண்டின. மக்காச்சோள மாவுக் கஞ்சி, கொஞ்சம் சர்க்கரை, அவரவர் கொண்டுவரும் பிளாஸ்டிக் குவளையில். மதியம் போஷோவும் அவரை விதைக் குழம்பும். கெட்டியாகக் கிண்டிய வெள்ளைச் சோளக்களிதான் போஷோ. நம் கேழ்வரகுக் களி தெரிந்தவனுக்கு அது அந்நியமில்லை. பெரிய பிள்ளைகள் சின்னவர்களை வரிசையில் முன்னே தள்ளிவிட்டுக் கடைசியில் நின்றார்கள். இது நாங்கள் கற்றுக்கொடுத்த பாடமில்லை.

சிறுமிகள் பெரியவர்களைக் கண்டால் முழந்தாளிட்டு வணங்குகிறார்கள். சேற்று வழியிலும் சட்டென்று மண்டியிட்டு 'கோதேயோ' என்பார்கள். எங்கள் பெண்கள் முதலில் பதறிப்போய்த் தூக்கிவிட்டார்கள். தூக்கிவிடாதீர்கள், வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லுங்கள், அது போதும் என்றார் ஆன்ட்டி. பையன்களின் விசாரணை வேறு மாதிரி. அங்கே இந்தியச் சண்டைப் படங்களை 'விஜே' என்ற கதைசொல்லி லுகாண்டாவில் தன் பாட்டுக்குப் பேசி ஓட்டுவது பெரிய வியாபாரம். நாங்கள் 'முயிண்டி'கள், அதாவது இந்தியர்கள் என்று தெரிந்ததும், ஒற்றைக் கையால் ஜீப்பைத் தூக்கும் மனிதர் எங்கள் ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கேட்டார்கள். குழுத் தலைவரின் தொப்பையைப் பார்த்து அவர்கள் அடைந்த ஏமாற்றம் கொஞ்சமில்லை.

பிள்ளைகளின் கால்களைப் பார்த்தது பிறகுதான். உட்காரும்போது சிலர் பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஜிக்கர். மணல்துகளைவிடச் சற்றே பெரிய ஒருவகைத் தெள்ளுப்பூச்சி. பெண்பூச்சி நகக்கண்ணிலும் குதிகாலிலும் துளைத்து உள்ளே போய், ஒரு வாரம் இரண்டு வாரத்தில் பட்டாணி அளவு வீங்கி, முட்டைகளை வெளியே உதிர்த்துவிட்டு அங்கேயே சாகிறது. அரிப்பு, சீழ், நகம் கழன்றுபோதல். தொற்று முற்றிய பிள்ளை குதிகாலை ஊன்றாமல் பாதத்தின் ஓரத்தால் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வதால் படிப்பை நிறுத்துகிறது. இது ஆப்பிரிக்காவின் ஆதிப் பூச்சி என்று நினைத்திருந்தேன். இல்லை, தென்னமெரிக்காவினுடையது. 1872இல் பிரேசிலிலிருந்து அங்கோலாக் கரைக்கு வந்த ஒரு கப்பலின் மணலோடு இறங்கியது. நாடு பிடிக்கப் போனவர்கள், வணிகர்கள், அவர்களுக்குச் சுமை தூக்கியவர்கள் ஆகியோரின் கால்களில் ஏறிக்கொண்டு, இருபது முப்பது ஆண்டுக்குள் கண்டத்தின் மறுகரையைத் தொட்டுவிட்டது. வெளியிலிருந்து வந்து நாடு முழுக்கப் பரவியவற்றுள் எல்லாமே நற்செய்தி அல்ல.

எங்கள் குழுவில் ஒரு நர்ஸ் அம்மா இருந்தார். அவர் ஒரு பாதத்தைத் தொட்டார், உடனே ஆன்ட்டியிடம், "இதை வழக்கமா யார் எடுப்பாங்க?" என்று கேட்டார். இரண்டு பாட்டிகள் வந்தார்கள். 'ஜாஜா' என்கிறார்கள் பாட்டியை. மூக்குக்கண்ணாடி கூட இல்லாமல், பூச்சியின் பை உடையாமல் முழுசாக நெம்பி எடுக்கும் அவர்கள் கைவேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நர்ஸ் அம்மா அதில் தலையிடவில்லை. ஒரே ஊசி பல பிள்ளைகளுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார், மருந்துத் தண்ணீரில் கால் கழுவினார், கட்டுப் போட்டார், டெட்டனஸ் ஊசிக்கு யாரை நலவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பட்டியல் எழுதினார். எடுத்தாலும் மண்தரை அப்படியே இருந்தால் மறுபடி வரும் என்றார்கள் ஜாஜாக்கள். தரையைச் சாணம் போட்டு மெழுக வேண்டும், காலில் செருப்பு வேண்டும். எங்கள் பெட்டிகளில் இருந்தவையோ பலூனும் மினுமினுப்புக் காகிதமும்.

கரும்பு வெட்டு நாளில் பெரிய பையன்களைக் காணவில்லை. லாரியில் கரும்பு ஏற்றப் போயிருந்தார்கள். சட்டப்படி கூடாது, போகிறார்கள். 1997 முதல் அங்கே தொடக்கக் கல்வி இலவசம். இலவசமென்றால் கட்டணம் மட்டும்தான் இல்லை. சீருடை, நோட்டு, தேர்வுக் காகிதம், மதியக் கஞ்சிப் பணம், பல பள்ளிகளில் விளக்குமாறும் கழிப்பறைக் காகிதச் சுருளும்கூடப் பிள்ளை கொண்டுவர வேண்டும். சீருடை கிழிந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பும் பள்ளிகள் உண்டு. அந்தப் பையன்கள் லாரி ஏறுவது சீருடைக்காகவும்தான்.

இங்கேதான் தையல்கார அக்கா வருகிறார். இடையன்குடிப் பக்கத்தில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர். ஆங்கிலம் சுத்தமாக வராது. பாட்டும் வராது, கதையும் வராது. கடைசி நேரத்தில் ஒருவர் விலகியதால் குழுவில் சேர்ந்தவர். புறப்படும் முன் நடந்த பயிற்சியில் அவருக்கு ஒதுக்கிய வேலை, 'ஜெபத்தில் தாங்குதல்'. அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்று பொருள். சபைக் கட்டடத்தின் பின்னறையில், எந்தக் காலத்திலோ யாரோ தானமாகக் கொடுத்த இரண்டு மிதி மெஷின்கள் துருவேறிக் கிடந்ததை அவர் கண்டுபிடித்தார். ஒன்றுக்குப் பெல்ட் இல்லை. மற்றதில் பாபின் பெட்டி இல்லை. ஜிஞ்சாவுக்கு ஆளனுப்பித் தோல் பெல்ட்டும் எண்ணெயும் வாங்கிவரச் சொன்னார். மூன்றாவது நாள் மெஷின் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டுத் தாய்மார் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கையில் கிழிந்த சீருடையோடு.

அவர்களில் மூத்தவர்கள் உடுத்தியிருந்தது கோமெசி. தோள்களில் கூம்பாக நிமிர்ந்து, இடுப்பில் அகன்ற பட்டுக்கச்சை கட்டித் தரை தொடும் உடை. கலியாணமானாலும் சாவானாலும் அதுதான் மதிப்பு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், காயசா மிஷன் பெண்கள் பள்ளி மாணவிகளுக்காகக் கோவாவிலிருந்து வந்த கோமெஸ் என்ற தையல்காரர் வடிவமைத்ததாம். அவர் பெயரே உடைக்கு நின்றுவிட்டது. ஆன்ட்டி இதைச் சொல்ல, நான் தமிழில் அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு கிழவியின் தோள்மடிப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைக்காரன்" என்றார். எங்கள் ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு. 1840களில் இடையன்குடிக்கு வந்த எலைசா கால்டுவெல் அம்மையார் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னல் இன்றும் அங்கே உயிரோடிருக்கிறது. அவர் கணவரின் ஒப்பிலக்கணத்தைப் படித்தவர்களைவிட அந்தப் பின்னலால் அடுப்பெரித்த வீடுகள் அதிகம் இருக்கும்.

மொழி தெரியாத அக்காவும் மொழி தெரியாத பெண்களும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எதிரே மாமரத்தடியில் கிழவர்கள் ஓம்வேசோ ஆடுவார்கள். நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, மொத்தம் 64 விதை. அக்கா ஒரு மதியம் அங்கே போய் உட்கார்ந்து, பல்லாங்குழிக் கணக்கில் காய்களை அள்ளிப் போடத் தொடங்கினார். கிழவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பிறகு விதியைச் சொல்லிக்கொடுத்தார்கள், விரல்களாலேயே. ஊழியர் என்ற பேரில் வந்த எங்களில், யாரிடமிருந்தாவது எதையாவது கற்றுக்கொள்ள உட்கார்ந்தவர் அந்த அக்கா ஒருவர்தான்.

மயுகே வட்டாரத்தில்தான் 1885 அக்டோபர் 29 அன்று ஆயர் ஜேம்ஸ் ஹானிங்டன் கொல்லப்பட்டார். கிழக்கு வழியாக வருகிறவர்கள் நாட்டைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தில் புகாண்டா அரசரான கபாகா முவாங்காவின் ஆணைப்படி நடந்தது அது. முவாங்காவின் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. பத்தாண்டுக்குள் நாடு பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது. ஹானிங்டன் இறந்த இடத்துக்கு ஒரு பிற்பகல் போனோம். அவரோடு நடந்து வந்த சுமைதூக்கிகளில் பெரும்பாலோரும் அன்று கொல்லப்பட்டார்கள். ஆயரின் பெயரில் நாட்காட்டியில் நாள் இருக்கிறது. மற்றவர்கள் 'சுமார் ஐம்பது பேர்'.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் யாத்திரிகர்கள். கையில் கோல், தலையில் மூட்டை, கழுத்தில் ஜெபமாலை. கென்யாவிலிருந்தே நடந்து வருகிறார்கள். ஜூன் 3க்குள் நமுகொங்கோ போய்ச் சேர வேண்டும். 1886இல் அதே நாளில், அரண்மனை ஏவலாளர்களாக இருந்த இளைஞர்களை அங்கே நாணல் பாயில் சுற்றி எரித்தார்கள். கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் ஒரே நெருப்பில். இளையவனான கிசிட்டோவுக்கு 14 வயது இருக்கலாம். அந்தப் பையன்களுக்கு நம்பிக்கை வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன்பின் இந்த நாடு முழுக்க வேதத்தைக் கால்நடையாகக் கொண்டுபோனவர்கள் அதிகமும் புகாண்டா உபதேசியார்களே. அவர்களில் ஒருவரான அப்போலோ கிவெபுலாயா கொங்கோக் காடு வரைக்கும் போனார். திருநெல்வேலிச் சபையை வளர்த்ததும் பெரும்பாலும் உபதேசியார்கள்தான், கப்பலில் வந்த துரைமார்கள் பெயர் கல்வெட்டில் இருந்தாலும். எங்கள் தம்பி வண்டியில் நெடுநேரம் பேசாமல் வந்தான். "இவங்களுக்கா அண்ணே நாம பாட்டுச் சொல்லிக்கொடுத்தோம்?" என்றான் கடைசியில்.

கடைசி நாள் வழக்கம்போல் அழுகை. எங்கள் இளையவர்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு தேம்பினார்கள். 'மறுபடி வருவீர்களா?' என்று கேட்ட பிள்ளைக்கு, 'நிச்சயம் வருவேன் செல்லம்' என்று ஒரு பெண் சொன்னபோது ஆன்ட்டி குறுக்கே வந்து, லுசோகாவில் வேறு ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "அவர்களுக்கு வேலை இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன் என்று சொன்னேன்" என்றார். அவருக்குக் கோபமில்லை. அவர் இதை இதற்கு முன்பும் செய்திருக்கிறார். குழுக்கள் வரும், போகும். போன பின் ஒரு வாரம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைச் சமாளிப்பது அவர்தான்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசியது எனக்கு விமானத்தில் நினைவுக்கு வந்தது. மேல்நாட்டு ஊழியர்களின் தியாகத்தையும் கொடையையும் மெச்சிவிட்டு, எங்களுக்குத் தேவை நண்பர்கள் என்ற பொருளில் அவர் கேட்டார். மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அன்று கேட்கும் பக்கத்தில் இருந்தவர்கள் நாம். இன்று விமானச் சீட்டு வாங்கும் பக்கத்துக்கு வந்துவிட்டோம். எங்களில் ஒருவர் போய்வந்த செலவு அங்கே ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பல மாதச் சம்பளம். ஆளுக்கு ஆள் போகாமல் அந்தப் பணத்தை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதை முழுசாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அனுப்பிய பணம் பின்னறை மெஷினைக் கண்டுபிடித்திருக்காது. ஆனால் அத்தனை பேர் போயிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

ஊர் வந்ததும் சாட்சிக் கூட்டங்கள் நடந்தன. கிட்டார்க்காரர் நன்றாகப் பேசினார். அக்காவை மேடைக்கு அழைத்தபோது, "அங்க நூல்கண்டு விலை ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரியில் ஆன்ட்டியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. மே மாதக் குழுவைப் பற்றி எங்கள் கமிட்டி கேட்டிருந்த கேள்விக்குப் பதில். பிள்ளைகள் எல்லாருக்கும் சலாம் சொல்கிறார்கள், மெஷின்கள் இரண்டும் ஓடுகின்றன, பெண்கள் இதுவரை எழுபது சீருடை தைத்துவிட்டார்கள், காலர் மட்டும் கோணுகிறது. பாட்டுக்கு எங்களிடம் ஆள் இருக்கிறது. காலரும் பொத்தான் துளையும் சொல்லிக்கொடுக்க அந்த அம்மாவை மட்டும் அனுப்ப முடியுமா, இந்த முறை இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்படியாக?

கமிட்டியில் இது பெரிய விவாதமாகிவிட்டது. ஒரே ஒரு தையல்காரரை அனுப்பினால் அதற்கு ஊழியக் குழு என்று பேர் வைக்க முடியுமா, காணிக்கை கேட்க நோட்டீசில் என்ன போடுவது, பிரசங்கம் யார் செய்வது என்று மூன்று கூட்டம் போயிருக்கிறது. முடிவு இன்னும் எட்டப்படவில்லை. அக்கா போன வாரம் திசையன்விளை போய் இரண்டு குரோஸ் வெள்ளைப் பொத்தான் வாங்கி வந்துவிட்டார், மொத்த விலைக்கு.